கடல்சார் மர்ம நாவல்களும் காவல்துறை சாராத துப்பறிவாளர்களும்: ஈர்ப்பு எதில் இருக்கிறது?

கலங்கரை எழுதியது:

மர்ம நாவல்களைத் தொடர்ந்து வாசிக்கும் நண்பர்களிடம் ஒரு கேள்வி. காவல்துறையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர், தீவிலோ துறைமுகச் சிற்றூரிலோ நடுக்கடலில் செல்லும் கப்பலிலோ நடந்த கொலையைத் துப்புத் துலக்கும் கதைகள் எத்தனை வந்தாலும் அவற்றுக்கு வாசகர்கள் குறைவதில்லையே, ஏன்? கடல் அழகானது, விடுமுறை மனநிலையைத் தருவது என்ற பதிலே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அது எனக்குப் போதவில்லை. மலையும் அழகானதுதான், ஆனால் மலையூர்க் கொலைக்கதைகளில் துப்பறிய முனையும் சாதாரண மனிதர் பெரும்பாலும் வேண்டாத வேலையைத் தலையில் போட்டுக்கொண்டவராகவே தெரிகிறார்.

கடல் இரண்டு காரியங்களைச் செய்கிறது என்பது என் எண்ணம். காவலர்கள் வந்து சேர்வதைத் தாமதப்படுத்துகிறது; தடயங்களைத் தனக்கென்று உள்ள நேரக் கணக்கின்படி அழிக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் தெருவில் பிணத்தைக் கண்டால், எதையும் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வதே முறை. அதற்கு மேல் அவர் செய்வதெல்லாம் அதிகப்பிரசங்கித்தனம். அதே ஆசிரியை நீர் வற்றியிருக்கும் வேளையில், ஆளரவமற்ற கரையில், பாறையொன்றின் மீது பிணத்தைக் கண்டால், உதவி தேடிப் போய்த் திரும்புவதற்குள் அந்தப் பாறையே நீரில் மூழ்கிவிடும் என்பது அவருக்குத் தெரியும். இப்போது பார்த்ததை மனத்தில் பதித்துக்கொள்வதும், எடுக்க முடிந்ததை எடுத்துவைப்பதும் அவருடைய கடமையாகிவிடுகின்றன.

டோரதி எல். சேயர்ஸ் 1932இல் வெளியிட்ட 'ஹாவ் ஹிஸ் கார்கேஸ்' நாவல் இந்த நிலையில்தான் தொடங்குகிறது. நடைப்பயணம் வந்த நாவலாசிரியை ஹாரியட் வேன், கடலோரப் பாறையில் கழுத்தறுபட்ட ஒருவரைக் காண்கிறார். இரத்தம் இன்னும் உறையவில்லை. படங்கள் எடுத்து, சில பொருட்களைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆள் தேடிச் செல்கிறார். காவலர்கள் வருவதற்குள் கடல் உடலைக் கொண்டுபோய்விடுகிறது. பிறகு வழக்கு முழுவதும், தொழில்முறைப் பயிற்சியற்ற ஒரு பெண் சில நிமிடங்களில் கவனித்தவற்றின் மீதே நிற்கிறது. அவருடைய சாட்சியம் தவிர்க்க முடியாததாவதால், அவர் வழக்கில் தொடர்வதும் இயல்பாக அமைகிறது. இத்தகைய கதைகளின் ஈர்ப்பு இந்தக் கட்டாயத்தில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

நூலகப்பூனை எழுதியது:

தோழி கலங்கரை சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் அது கதையின் முதல் ஐம்பது பக்கங்களுக்கு மட்டுமே விளக்கம் தருகிறது. காவலர்கள் வந்து சேர்ந்த பின்னும் வாசகர் ஏன் அந்த ஆசிரியையோடேயே இருக்க விரும்புகிறார்?

அறிவின் வகைதான் காரணம் என்று நினைக்கிறேன். நகரத்துக் கொலையில் ஆய்வுக்கூடம் வென்றுவிடும். கைரேகை, கண்காணிப்புக் கேமரா, கைப்பேசிக் கோபுரப் பதிவு ஆகியவற்றுக்கு முன்னால் ஊர்க்காரரின் ஊகத்துக்கு மதிப்பில்லை. கடலோரத்தில் நிலைமை வேறு. எந்தக் காற்றுக்கு எந்தப் படகு வெளியே போகாது, எந்த மணல்திட்டு சென்ற பருவத்தில் இடம் மாறியது, வலையைச் சரிசெய்பவர் எந்த நேரத்தில் கரையில் இருப்பார் என்பவை எந்தக் கோப்பிலும் இல்லை. அங்கே வாழ்பவருக்கு இவை பேச்சோடு பேச்சாகத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் ஆய்வாளர் படித்தவராக, நேர்மையானவராக, கெட்டிக்காரராகவே இருக்கலாம். இருந்தும் காலை ஆறு மணிக்குத் துறையில் அந்தப் படகு நின்றது விசித்திரம் என்பது அவருக்கு உறைக்காது.

எர்ஸ்கின் சில்டர்ஸ் 1903இல் எழுதிய 'தி ரிடில் ஆஃப் த சாண்ட்ஸ்' உளவுக் கதைதான், கொலை மர்மம் அல்ல. ஆயினும் இந்த வகைக்கு அதை ஒரு முன்னோடியாகவே கருதுகிறேன். வெளியுறவு அலுவலகத்து எழுத்தர் ஒருவரும் பாய்மரப் படகில் பித்துக்கொண்ட அவருடைய நண்பரும் வட கடலின் ஃபிரிசியக் கரையோர மணல்திட்டுகளிடையே திரிகிறார்கள். கடும் மூடுபனியில், திசைகாட்டியும் வரைபடமும் ஆழத்தைத் தொட்டுப் பார்க்கும் கோலும் கொண்டு, கண்ணுக்கு எதுவும் தெரியாமலே அவர்கள் துடுப்பு வலித்துச் செல்லும் பகுதியை நினைத்துப் பாருங்கள். அங்கே துப்பறிதலும் படகோட்டுதலும் வேறுவேறு வேலைகள் அல்ல. ஒரு பொழுதுபோக்காளரின் வேட்கை, அரசு நிறுவனங்கள் கவனிக்கத் தவறிய ஒன்றைக் கண்டுபிடிக்கிறது. இன்றைய எழுத்தாளர்கள் பலர் கைவிட்டது இதைத்தான். அட்டையில் கலங்கரை விளக்கமும், உள்ளே பேக்கரி நடத்தும் நாயகியும், அவளுடைய பூனையும் (என் பெயரை வைத்து யாரும் கேலி செய்ய வேண்டாம்) இருந்தால் போதும் என்று எண்ணிவிட்டார்கள்.

எதிர்வாதி எழுதியது:

நீங்கள் இருவரும் கடலுக்கு அளவுக்கு மீறிய பெருமை தருகிறீர்கள். தீவுக் கதை என்பது பூட்டிய அறைக் கதையின் பெரிய வடிவம். சுவருக்குப் பதில் தண்ணீர், அவ்வளவுதான். அகதா கிறிஸ்டியின் 1939ஆம் ஆண்டுத் தீவு நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர், வெளித்தொடர்பு இல்லை, ஒருவர்பின் ஒருவராகச் சாகிறார்கள். பனிப்பொழிவில் சிக்கிய மாளிகையிலும் அதே கதையை நடத்தியிருக்கலாம். மேலும் அதில் உண்மையைக் கண்டுபிடித்து வெல்லும் துப்பறிவாளரே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, தொடர் நாவல்களின் நம்பகத்தன்மை. அறுநூறு பேர் வாழும் துறைமுக ஊரில் ஆண்டுக்கு இரண்டு கொலை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் அதே புத்தகக் கடைக்காரர்தான் பிணத்தைக் கண்டெடுக்கிறார். உள்ளூர் ஆய்வாளர் முதலில் யாரைச் சந்தேகிக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற மாலுமி எழுதியது:

நண்பர் எதிர்வாதியின் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்தப் புத்தகக் கடைக்காரரைக் கைது செய்வதே நல்லது. முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

தண்ணீர் வெறும் சுவர் என்றால், கப்பலில் நடக்கும் குற்றம் அறையில் நடக்கும் குற்றத்தைப் போலவே இருக்க வேண்டும். அப்படி இருப்பதில்லை. பூட்டிய அறையில் பிணம் உள்ளேயே இருக்கும். கப்பலிலிருந்து பிணத்தை இல்லாமலாக்கிவிடலாம். 1947இல் டர்பன் காசில் என்ற பயணிகள் கப்பலில் இளம் நடிகை ஒருவர் காணாமற்போனார். கப்பல் பணியாளர் ஒருவர் அவருடைய உடலை அறையின் வட்டச் சாளரத்தின் வழியே கடலில் தள்ளியதை ஒப்புக்கொண்டார். கொல்லவில்லை என்று மறுத்தார். உடல் கிடைக்காமலேயே 1948இல் இங்கிலாந்து நீதிமன்றம் அவரைக் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. 'ஆள் இல்லை' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு 'என்ன நடந்தது' என்று கேட்க வைப்பது கடல்தான். பனி மாளிகையில் அந்தக் கேள்வியே எழாது.

அடுத்து, அதிகாரம். கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரை கரையோர நாட்டின் ஆட்சிப் பரப்பு. அதற்கு அப்பால் திறந்த கடலில், 1982ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கைப்படி, பொதுவாகக் கப்பல் எந்த நாட்டுக் கொடியைத் தாங்கியிருக்கிறதோ அந்த நாட்டின் சட்டமே அதற்குரியது. உரிமையாளர் ஒரு நாடு, கொடி வேறொரு நாடு, இறந்தவர் மூன்றாவது நாடு, சந்தேகத்துக்குரியவர் நான்காவது நாடு என்ற நிலை அரிதன்று. கப்பல் கரை சேர்ந்து, உரிய அதிகாரி இன்னார் என்று தெளிவாகும் வரை, கப்பல் தலைவரும் அவர் நம்பும் சிலருமே சாட்சியங்களைக் காப்பவர்கள். ஆகவே கப்பல் கதையில் பயிற்சியற்ற துப்பறிவாளர் வருவது செயற்கையன்று, நடைமுறையே அப்படித்தான்.

இதற்கு மறக்க முடியாத சான்று 1910ஆம் ஆண்டின் கிரிப்பன் வழக்கு. லண்டனில் மனைவியைக் கொன்றதாகத் தேடப்பட்ட மருத்துவர் கிரிப்பன், தம் காதலிக்குச் சிறுவன் வேடமிட்டு, தந்தையும் மகனும் போல ஆண்ட்வெர்ப்பில் மாண்ட்ரோஸ் கப்பலில் ஏறினார். கப்பல் தலைவர் ஹென்றி கெண்டல் துப்பறிவாளர் அல்லர். பார்க்கும் பழக்கம் உள்ளவர். மகன் தந்தையின் கையைப் பற்றிய விதமும், சிறுவனின் உடை ஊக்குகளால் இறுக்கப்பட்டிருந்ததும், தந்தையின் மீசை அண்மையில் மழிக்கப்பட்டிருந்ததும் அவருக்குப் பட்டன. கம்பியில்லாத் தந்தி மூலம் கரைக்குச் செய்தி அனுப்பினார். ஆய்வாளர் வால்டர் டியூ விரைவுக் கப்பலான லாரெண்டிக்கில் ஏறி முந்திச் சென்று, கப்பலுக்கு வழிகாட்ட வரும் பைலட்டின் உடையில் மாண்ட்ரோஸில் ஏறி, ஜூலை 31 அன்று கனடாக் கரையருகே அவர்களைக் கைது செய்தார். உலகமே செய்தித்தாளில் தொடர்ந்து வாசித்த துரத்தல் அது. துரத்தப்படுவது தெரியாதவர்கள் மாண்ட்ரோஸில் இருந்த அந்த இருவர்தாம். இதைக் கற்பனையாக எழுதியிருந்தால், மிகையாக இருக்கிறதென்று பதிப்பாளர் திருப்பி அனுப்பியிருப்பார்.

மருத்துவ வாசகி எழுதியது:

மாலுமி ஐயாவின் பதிவுக்கு நன்றி. என் துறை சார்ந்து சிறிது சேர்க்கிறேன். வலுவிழந்த மனமுடையோர் இப்பதிவைத் தாண்டிச் செல்லலாம்.

நீரில் கிடைத்த உடலைப் பார்த்து, அவர் மூழ்கி இறந்தாரா, இறந்த பின் நீரில் இடப்பட்டாரா என்று சொல்வது எளிதன்று. நுரையீரல் நிறைய நீர் இருந்தால் மூழ்கினார் என்று நாவல்களில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நடைமுறையில், மூழ்கி இறந்தார் என்பது பெரும்பாலும் பிற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே எட்டப்படும் முடிவு. டயாட்டம் எனும் நுண்பாசிகள் எலும்பு மஜ்ஜை வரை சென்றிருந்தால், நீர் உள்ளே போனபோது இதயம் இயங்கிக்கொண்டிருந்தது என்று ஊகிக்கலாம். ஆனால் மாதிரி மாசுபடும் வாய்ப்பு இருப்பதால் அந்தச் சோதனையைப் பற்றியும் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இறந்த நேரமும் அவ்வாறே. குளிர்ந்த நீர் சிதைவைத் தாமதப்படுத்தும், வெதுவெதுப்பான நீர் விரைவுபடுத்தும், மீன்களும் நண்டுகளும் காயங்களின் வடிவத்தை மாற்றிவிடும்.

அறிவியல் இவ்வாறு தயங்கும் இடத்தில்தான் சாதாரண மனிதரின் கவனிப்புக்கு இடம் கிடைக்கிறது. இறந்தவர் வழக்கமாகக் காலணியைக் கழற்றிவிட்டே படகில் ஏறுவார் என்பதும், இடது கைப்பழக்கம் உள்ளவர் என்பதும் உடற்கூறு மேசையில் தெரியாது. அவருடன் பழகிய பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும்.

எதிர்வாதி அவர்கள் கேட்கக்கூடும் என்பதால், கடல் தடயத்தை அழிக்க மட்டுமே செய்கிறது என்பதும் சரியன்று என்று சொல்லிவிடுகிறேன். 1935 ஏப்ரலில் சிட்னியின் கூஜி மீன்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த புலிச்சுறா ஒன்று, பார்வையாளர்கள் முன்னிலையில் மனிதக் கை ஒன்றைக் கக்கியது. கையில் இரண்டு குத்துச்சண்டை வீரர்களின் பச்சை குத்திய உருவம் இருந்தது. மணிக்கட்டில் கயிறு கட்டப்பட்டிருந்தது. ஆராய்ந்தபோது, அதைச் சுறா கடித்துத் துண்டிக்கவில்லை, கத்தியால் வெட்டப்பட்டது என்று தெரிந்தது. பச்சை உருவமும் கைரேகையும் ஆளை அடையாளம் காட்டின. கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

எதிர்வாதி எழுதியது:

கடைசி வாக்கியத்தை அடிக்கோடிடுகிறேன், ஏனெனில் அது என் பக்கம் பேசுகிறது. கடலின் உண்மையான மர்மங்கள் தீர்வதில்லை. 1872 டிசம்பரில் மேரி செலஸ்ட் என்ற கப்பல் ஆளின்றி மிதந்துகொண்டிருந்தது. சரக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தது, மீட்புப் படகு மட்டும் இல்லை. ஜிப்ரால்டரில் விசாரணை நடந்தும், கப்பலில் இருந்த பத்துப் பேருக்கு நேர்ந்தது என்னவென்று இன்றுவரை உறுதியாகவில்லை. 1900 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஃபிளானன் தீவுக் கலங்கரை விளக்கத்தைப் பராமரித்த மூன்று பணியாளர்கள் மறைந்தார்கள். உடல்கள் கிடைக்கவில்லை.

துப்பறியும் நாவல் தீர்வை வாக்களிக்கும் வடிவம். கடல் தீர்வை மறுக்கும் இடம். எனவே இரண்டையும் சேர்க்கும் எழுத்தாளர், கடலின் இயல்பைப் பொய்யாக்கியே கதையை முடிக்க வேண்டியிருக்கிறது. கடலை விரும்புகிறவர் அந்த முடிவை விரும்பக் கூடாது அல்லவா?

நூலகப்பூனை எழுதியது:

ஃபிளானன் தீவைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று, ஏனெனில் அது உங்களுக்கு எதிரான சான்று. மேசை மேல் உண்ணாமல் விட்ட உணவு என்ற புகழ்பெற்ற காட்சி, பின்னாளில் எழுதப்பட்ட கவிதையிலிருந்து பரவியது. விசாரித்த அதிகாரி உண்மையில் குறித்தது வேறு: மூவரில் ஒருவருடைய மழைக்கோட்டு உள்ளேயே இருந்தது, மேற்குத் துறையில் நீர்மட்டத்துக்கு மிக உயரத்தில் புயல் சேதம் காணப்பட்டது. பேரலை அவர்களை இழுத்துச் சென்றிருக்கலாம் என்று அவர் முடிவு செய்தார். டிசம்பர் மாதத்து வட அட்லாண்டிக்கில் ஒருவர் மழைக்கோட்டு இல்லாமல் ஏன் ஓடினார் என்ற கேள்வியிலிருந்து ஒரு நாவல் தொடங்கலாம். வெளியே இருந்தவர்களை எச்சரிக்க ஓடினாரா, உதவிக்கு ஓடினாரா, துரத்தப்பட்டாரா?

அதாவது கடல் முடிவை மறுத்தாலும், தொடக்கத்தைத் தாராளமாகத் தருகிறது. நாவல் நமக்குத் தருவது, அந்த மழைக்கோட்டை யாரேனும் பொருட்படுத்துவார்கள் என்ற ஆறுதலை. அது பொய் என்றால், இந்த வகைப் புனைவு முழுவதுமே அந்தப் பொய்யின் மீதுதான் நிற்கிறது. நகரக் கதைகளும் அதற்கு விலக்கல்ல.

கதைக்காரன் எழுதியது:

நான் இத்தகைய நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனவே என் கவலை வேறு. எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைகளுக்கென 1929இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று, துப்பறிவாளருக்குக் கிடைக்கும் தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பது. கடற்கதையில் இந்த நேர்மையைக் காப்பது கடினம். இரண்டு உயர் ஓதங்களுக்கு, அதாவது கடல்நீர் உச்சத்துக்கு ஏறும் இரண்டு வேளைகளுக்கு, இடையே ஏறக்குறைய பன்னிரண்டு மணி இருபத்தைந்து நிமிடம், ஆகையால் ஒவ்வொரு நாளும் அது ஐம்பது நிமிடம் போலப் பிந்தும் என்பதும், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகும் என்பதும் கதைநாயகிக்குத் தெரியும். வாசகருக்குத் தெரியாமல் இருக்கலாம். கடைசி அத்தியாயத்தில் அவள் ஓத அட்டவணையை வெளியே எடுத்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார். முன்பே விளக்கினால், இதில் ஏதோ இருக்கிறது என்று மோப்பம் பிடித்துவிடுவார்.

இடத் தேர்விலும் கவனம் தேவை. நீர் ஏற்றத்தால் கொலையாளியின் காலடித் தடம் அழிந்ததாக, மத்தியதரைக் கடற்கரையில் நடக்கும் கதையொன்றில் படித்தேன். அங்கே பெரும்பாலான இடங்களில் ஓத வேறுபாடு மிகச் சிறிது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவிலோ அது பதினாறு மீட்டரை எட்டும். அந்த ஒரு பிழைக்குப் பிறகு அந்த நாவலில் எதையுமே என்னால் நம்ப முடியவில்லை.

மாலுமி ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வுக்கூட உதவியின்றி, ஊரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் நாயகி தன் கண்ணால் பார்த்தே ஒருவன் பொய் சொல்கிறான் என்று அறியும்படியான தடயம் ஏதேனும் சொல்ல முடியுமா?

ஓய்வுபெற்ற மாலுமி எழுதியது:

முடியும். ஓத வேறுபாடு நான்கைந்து மீட்டர் உள்ள துறையாகவும், உயரம் மாறாத கல் படகுத்துறையாகவும் அமைத்துக்கொள்ளுங்கள். நீரோடு சேர்ந்து ஏறி இறங்கும் மிதவைத் துறையில் இது செல்லாது.

மாலை ஏழரைக்குத் தாழ் ஓதம் என்று வையுங்கள். அப்படியானால் நள்ளிரவு கடந்து ஒன்றே முக்கால் அளவில் உயர் ஓதம். மறுநாள் காலை எட்டு மணியளவில் மீண்டும் தாழ் ஓதம். மாலை எட்டு மணிக்கே படகைக் கட்டிவிட்டு வீடு சென்றதாக உங்கள் ஆள் சொல்கிறான். காலை எட்டு மணிக்கு ஆசிரியை துறையைக் கடக்கும்போது, அந்தப் படகு முன்பக்கக் கயிற்றில் விறைத்துத் தொங்குகிறது. மூக்கு மேலே தூக்கி, பின்பக்கம் நீரில் அழுந்திக் கிடக்கிறது. மாலை எட்டு மணிக்கு, நீர் அடியில் இருந்தபோது கட்டியிருந்தால், அதே நீர்மட்டத்தில் காலையிலும் கயிறு சரியாக இருந்திருக்கும். தொங்குகிறது என்றால், நீர் மேலே இருந்தபோது, அதாவது நள்ளிரவுக்குப் பின், கயிற்றைத் தளர்த்திவிடும் வழக்கம் அறியாத ஒருவரோ பதற்றத்தில் இருந்த ஒருவரோ அதைக் கட்டியிருக்கிறார்.

வாசகரிடம் மறைக்க வேண்டியதில்லை. படகு கோணலாகத் தொங்குவதை இரண்டாம் அத்தியாயத்திலேயே, துறையின் பிற காட்சிகளோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சிறுவர்கள் நண்டு பொறுக்கும் நேரத்தை வைத்து நீர் வற்றும் வேளையையும் காட்டிவிடலாம், அட்டவணை தேவைப்படாது.

கலங்கரை எழுதியது:

இதுதான் நான் தேடிய உதாரணம். ஆய்வாளர் அதே படகைப் பார்த்திருப்பார். அவருக்கு அது சரியாகக் கட்டப்படாத படகு மட்டுமே.

எதிர்வாதி எழுதியது:

அவன் மாலையில் சரியாகத்தான் கட்டினான், இரவில் வேறு யாரோ அவிழ்த்து எடுத்துச் சென்று திரும்பக் கட்டியிருக்கிறார்கள் என்று அவனுடைய வழக்கறிஞர் வாதிட்டால்?

ஓய்வுபெற்ற மாலுமி எழுதியது:

நல்ல வழக்கறிஞர் அப்படித்தான் வாதிடுவார். அதனால் முடிச்சையும் கதையில் சேர்க்க வேண்டும். ஒவ்வொருவரும் கயிற்றைச் சுற்றும் திசையும் முனையை மிச்சம் விடும் நீளமும் கைப்பழக்கம். பதற்றத்திலும் எளிதில் மாறாது. அந்த ஆள் முதல் அத்தியாயத்தில் வேறெதையாவது, ஒரு மூட்டையையோ நாயையோ, கட்டுவதை ஆசிரியை பார்க்கட்டும்.

கதைக்காரன் எழுதியது:

நாயையே வைத்துக்கொள்கிறேன். மூட்டை என்றால் எதிர்வாதி போன்ற வாசகர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.